புறாவை அழைத்த மூங்கில்

லங்காட் ஆற்றங்கரை ஊரான டெங்கிலைச் சுற்றி இன்று காணப்படுவன பழைய ஈயக்குட்டைகளும் செம்பனைத் தோட்டங்களுமே. ரப்பர் வருவதற்கு முன் அவ்வாற்றுவெளி பெரும்பாலும் காடாய் இருந்தது. இத்தகைய காடுகளில் பச்சைப்புறாவைப் பிடிக்க மலாய் வேடர் கையாண்ட கருவி வில்லன்று, துப்பாக்கியுமன்று. மூங்கிலாற் செய்த ஓர் ஊதுகுழல். 'டெக்குட்' என்பது அதன் பெயர்.

வேடன் தழைகளால் சிறு குடில் வேய்ந்து அதனுள் மறைந்திருப்பான். பழக்கிய புறா ஒன்றும் உடனிருக்கும். அவன் குழலை ஊதினால் புறாவின் குரல் காட்டிற் பரவும். தன் இனம் அழைப்பதாக எண்ணி இறங்கும் பறவை கண்ணியிற் சிக்கும். இதில் வியப்புக்குரியது கருவியைவிட அதனோடு வழங்கிய மொழியே. கோலலங்காட்டில் ஆட்சிப்பணி புரிந்த வால்டர் வில்லியம் ஸ்கீட், 1900 இல் வெளியான 'மலாய் மேஜிக்' என்னும் நூலில் இதனை விரித்துரைக்கிறார். வேட்டையின்போது குடிலையோ குழலையோ இயற்பெயரால் சுட்டலாகாது. அவை இளவரசர் பெயர் பூணும். வரும் புறாக்கள் இளவரசியர். அவர்களை அழைப்பதோ சுலைமான் அரசரின் மண்டபத்துக்கு! வஞ்சனையை மறைக்கும் சொல் இது என்பர். ஆயினும் அச்சொல்லில் ஒரு கூச்சமும் கலந்திருப்பதாகவே தோன்றுகிறது.

அக்கூச்சம் தமிழர்க்குப் புதிதன்று. பழக்கிய உயிரைக் காட்டி அதன் இனத்தைப் பிடிக்கும் முறையில், அவ்வுயிர்க்குச் சங்கப் புலவர் தந்த பெயர் 'பார்வை'. மலாய் வேடன் செவியை மயக்கினான். தமிழ் வேட்டுவன் கண்ணை மயக்கினான். புறநானூற்றின் 320 ஆம் பாட்டில் பார்வைப் பிணையோடு காட்டுக் கலைமான் விளையாடுகிறது. உறங்கும் கணவன் விழித்துவிடுவானோ, கலை பிரிந்துவிடுமோ என அஞ்சி வேட்டுவன் மனைவி ஓசையின்றி ஒதுங்கியிருக்கிறாள். நற்றிணை 312 இல் குளிரில் ஒடுங்கிய பார்வைக் குருகுக்கு இரங்கி, வேட்டுவனே அதன் தளையை நீக்குகிறான்.

குரலால் அழைக்கும் வேட்டை பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினர் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி அதன் இனத்தை அழைத்தனர். பின்வந்தோர் மரப்பெட்டியின்மேல் மூடியை உரசிப் பெடையின் குரலை எழுப்பினர். அத்தகைய பெட்டியொன்றுக்கு 1897 இல் ஆர்கன்சாவின் கிப்சன் காப்புரிமை பெற்றார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போன காட்டு வான்கோழி அங்கே பாதுகாப்பினால் மீண்டும் பல இலட்சமாகப் பெருகியது. கையாற் கருவி செய்வோரும் நிலைத்தனர்.

லங்காட்டில் நிகழ்ந்தது வேறு. டெங்கிலை அடுத்த பிராங் புசார் தோட்டம் 1921 இல் காடழித்து உருவாயிற்று. பறவைகள் இழந்த நிலத்திலேதான் தமிழர் பால்மரம் சீவிக் குடும்பம் வளர்த்தனர். இதனையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1990களில் புத்ராஜெயா நகருக்காக அத்தோட்டமும் மறைந்தது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன.