கமகமும் கித்தாரும்

கழக்கூட்டத்தில் வாழும் நம் பிள்ளைகள் கித்தார் பயில விழைவது கண்டு, நம் இசை தேயுமோ என நம்முள் சிலர் கவலுறுகின்றனர். கடல் கடந்த மண்ணில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்கு நினைவுகூர்வோம்.

1970இல் 'ஆப்ரக்சாஸ்' என்னும் இசைத்தட்டில் லத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் ராக் இசையையும் இணைத்துப் புகழெய்தியவர், மெக்சிக்கோவினின்று அமெரிக்காவில் குடியேறிய கார்லோஸ் சாந்தானா. 1973இல் அவருடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்ட ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாலின், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். யாழ்ப்பாணத்தில் இளமை கழித்த வயலின் கலைஞர் எல். சங்கரும், மிருதங்கம் கற்பித்த இராமநாதபுரம் இராகவனும் அப்பல்கலைக்கழகத்தில் இருந்தோரே. விக்கு விநாயகராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் இவர்களோடு சேர்ந்தன.

1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் அவையோர் முன்னிலையில் இவர்கள் நிகழ்த்திய கச்சேரியே 'சக்தி' இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. உருப்படிகள் மூன்றே, அவற்றுள் ஒன்று அரைமணி நேரத்தை எட்டுகிறது! நம் சபைகளில் தனியாவர்த்தனத்தின்போது எழுந்து செல்வோர் இதனைக் கேட்டல் நன்று.

வீணையின் கமகம் கித்தாரில் எளிதில் எழாது. ஆதலின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்து, ஒத்திசைக்கும் தந்திகளும் பூட்டிய தனிக் கித்தாரைச் சக்திக் குழுவுக்கென மெக்லாலின் செய்வித்தார். கமகத்துக்காகக் கித்தாரே வடிவம் மாறிற்று. பின்னாளில் விநாயகராமின் மைந்தர் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் இக்குழுவில் அமர்ந்தார். அவர் பங்கேற்ற 'திஸ் மோமென்ட்' 2024இல் கிராமி விருது பெற்றது.