முதல் அழைப்பு மட்டும் ஏன் நொண்டுகிறது?

2011-ல் ஜார்க்கண்டில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் சரிபார்க்க ஒரு வலைச் செயலி இருந்தது. பின்னறையில் கிடந்த சர்வரில் ஓடும், விவரத்தை வீசாட் வழியாக மும்பையில் கேட்டு வாங்கும். காலையில் முதல் ஆளுக்கு நாற்பது விநாடி. அடுத்தவருக்கு மூன்றே விநாடி. சாப்பாட்டு இடைவேளை முடிந்தால் மறுபடி நாற்பது. வரிசையில் முதலில் நிற்பது எப்போதும் எழுபது தாண்டிய பெரியவர்தான். "லிங்க் நஹி ஹை, பாபா" என்று பெஞ்சில் உட்கார வைப்போம். திட்டு வாங்குவது கவுண்டர் பையன்.

நான் பி.காம். பொட்டி தட்டத் தெரியாது, பேரேடு எழுதத் தெரியும். போன அழைப்புக்கும் இந்த அழைப்புக்கும் எத்தனை நிமிடம், காத்திருப்பு எத்தனை விநாடி என்று ஒரு வாரம் குறித்தேன். பத்து நிமிட இடைவெளி என்றால் ஐந்து விநாடி. இருபது நிமிடம் தாண்டினால் நாற்பது! லிங்க்குக்கு ஏது கைக்கடிகாரம்?

முதலில் அந்த ஐந்து விநாடி. செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில். கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க அரை விநாடி. புது இணைப்பென்றால் டிசிபி அறிமுகத்துக்கு ஒரு நடை, எஸ்எஸ்எல் பூட்டுக்கு இரண்டு நடை, அப்புறம்தான் கேள்வியே. (2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 அந்த இரண்டை ஒன்றாக்கியது.) போதாக்குறைக்கு, டிசிபி முதலில் தயங்கித்தான் அனுப்பும். அதற்குக் காரணம் 1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போன வழியில் நெரிசலால் வெறும் 40 பிட் போனது. எல்லோரும் ஒரேயடியாகக் கொட்டியதன் விளைவு. வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய கட்டுரையில் வைத்தியம் இருந்தது: கொஞ்சமாக ஆரம்பி, பதில் வரவரக் கூட்டு. அந்த ஆரம்ப அளவு பத்துப் பொட்டலமாக உயர்ந்தது 2013-ல்தான்.

மீதி முப்பத்தைந்து விநாடி நம் சர்வருடையது. 2003-ல் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் 6 வந்தபோது, இருபது நிமிடம் யாரும் கூப்பிடாவிட்டால் செயலியை நிறுத்திவிடும் ஏற்பாடு வந்தது. ஒரே சர்வரில் பல தளங்கள், நினைவகமோ கொஞ்சம், அன்றைக்கு நியாயம்தான். (யாரும் சும்மா விடாவிட்டாலும் 1,740 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக மறுதொடக்கம். அதாவது 29 மணி. 24-ஐத் தாண்டிய முதல் பகா எண் என்பதால் தினமும் ஒரே நேரத்தில் வராதாம். ரசிக்கத்தான் வேண்டும்.) நின்ற செயலி எழும்போது டாட்நெட் தன் நிரலை மறுபடி இயந்திர மொழியாக்கும். தொலை அழைப்பின் எக்ஸ்எம்எல்லைப் படிக்க அப்போதே ஒரு நிரலை எழுதி, கம்பைலரைக் கூப்பிட்டுத் தொகுக்கும். இதை முன்கூட்டியே செய்துவைக்க 2005-லேயே 'எஸ்ஜென்' என்ற கருவி வந்துவிட்டது. எங்கள் செயலியைச் செய்தவர்கள் அதைத் தொடவில்லை.

நோட்டைப் பார்த்த வட்டார அலுவலகப் பொறியாளர் சிரித்தார். ஆனாலும் வந்தார். இருபதைப் பூஜ்யமாக்கினார், தினமும் 9.45-க்கு ஒரு வெற்று அழைப்பு போக வைத்தார்.

மறுநாள் முதல் பெரியவருக்கு மூன்று விநாடியில் வேலை முடிந்தது. அவர் பழக்க தோஷத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.