ஊதா என்று பெயர்பெற்ற மஞ்சள் பூ: பாலை வயலட்டின் வகைப்பாட்டு வரலாறு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர் மேற்கிலிருந்து வரும் மழையைத் தடுத்துவிடுகிறது. அதன் கிழக்குச் சரிவின் மணற்பாங்கான நிலங்களில், சேஜ்பிரஷ் புதர்களுக்கு இடையே, வசந்தத்தில் ஒரு சிறு மஞ்சள் பூ தரையை ஒட்டிப் பூக்கிறது. அது வயலட் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்த வயலட் என்பதில்தான் ஒன்றரை நூற்றாண்டாக வழக்கு நீடிக்கிறது. தனிச் சிற்றினம், துணைச்சிற்றினம், வெறும் வகை என மூன்று தகுதிகளிலும் அதை வைத்துப் பார்த்துவிட்டார்கள். இந்த வழக்கின் மையம் பூவல்ல, இலை என்பதே இக்கட்டுரையின் கருத்து. பாலையில் வளரும் செடிக்குச் சாம்பல் நிறத்தில் மயிரடர்ந்த இலை இருந்தால், அது பரம்பரையாக வந்த அடையாளமா, இடம் கொடுத்த போர்வையா?

செடியின் அமைப்பை முதலில் பார்ப்போம். இது பல்லாண்டு வாழும் சிறுசெடி. ஆழமாக இறங்கும் வேர்ப்பகுதி மண்ணுக்குள்ளேயே கோடையைக் கழித்துவிடும். மேலே உள்ள இலையும் தண்டும் காய்ந்துபோகும். இலை தடிப்பானது, நரம்புகள் புடைத்தவை, விளிம்பு ஒழுங்கற்ற பற்களுடையது. பூவில் ஐந்து அல்லி இதழ்கள் உண்டு. கீழ் மூன்றிலும் பழுப்புக் கோடுகள் ஓடும், மேல் இரண்டின் முதுகு பழுப்பூதாவாக இருக்கும். பருவத்தின் பின்பகுதியில் திறவா மலர்களும் தோன்றும். அவை மொட்டு விரியாமலேயே தம் மகரந்தத்தால் தாமே கருவுற்றுக் காய்த்துவிடுபவை. பூச்சி வராத ஆண்டிலும் விதைக்குக் குறையிராது. காய் மூன்று கூறாக வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். விதையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச்சத்துள்ள துணுக்குக்காக எறும்புகள் அதை இழுத்துச் செல்லும்.

இந்தக் குடும்பத்தைத் தமிழர் அறியாதவரல்லர். நம் வயல் வரப்புகளில் காணும் ஓரிதழ்த்தாமரை வயலட் குடும்பத்துச் செடிதான். அதன் ஐந்து இதழ்களில் கீழிதழ் ஒன்றே பெருத்து விரிய, மற்றவை கண்ணுக்கு எட்டாமல் சிறுத்துக் கிடக்கும். பெயர் வைத்தவர் அதைச் சரியாகக் கவனித்திருக்கிறார். லின்னேயஸ் 1753இல் அதையும் வயோலா பேரினத்திலேயே சேர்த்து ‘வயோலா என்னியாஸ்பெர்மா’ என்றார். பிறகு அது ஹைபாந்தஸ் ஆனது, 2015இல் ஆஃப்ரோஹைபாந்தஸ் ஆனது. வயோலாவையே அவர் சூரியகாந்தி வகைகளோடு ஒரே வகுப்பில் வைத்திருந்தார். மகரந்தப்பைகள் சூலகத்தைச் சுற்றி ஒன்றுகூடி நிற்கின்றன என்பதே காரணம். ஒரே ஓர் உறுப்பைப் பிடித்துக்கொண்டு வகுத்தால் விளைவு இப்படித்தான் இருக்கும். 1824இல் தாவரவியலாளர் டி கண்டோலின் பெருநூலில் ஜின்ஜின்ஸ் வயோலாவைப் பிரிவுகளாக்கியபோது, சூல்தண்டு, சூல்முடி ஆகியவற்றின் வடிவத்துக்கு முதன்மை தந்தார். அமெரிக்க மஞ்சள் வயலட்டுகள் இன்றும் தங்கியிருக்கும் ‘கமேமெலானியம்’ என்ற பிரிவு அவர் தந்ததே.

நம் பாலைச்செடியின் கதை தொடங்குவது ஆல்பர்ட் கெல்லாக்கிடமிருந்து. தொழிலால் மருத்துவர்; தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியா வந்தவர்; 1853இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னிய அறிவியல் கழகத்தைத் தொடங்கிய எழுவரில் ஒருவர். 1855இல் அவர் ஒரு மஞ்சள் வயலட்டுக்கு ‘வயோலா பர்ப்பூரியா’, அதாவது ஊதா வயலட், என்று பெயரிட்டார். பெயருக்குக் காரணம் பூவின் முகமன்று, இலையின் அடியில் படரும் ஊதாச் சாயல். ஆக, முதல் பெயரிலேயே இலை முந்திக்கொண்டது. பெயரிடல் விதிகளின்படி முந்தைய பெயருக்கே உரிமை என்பதால், குழப்பம் தந்தாலும் அது நிலைத்துவிட்டது. 1862இல் வறண்ட கிழக்குப் பகுதிச் செடியைத் தனிச் சிற்றினமாகக் கருதி ‘வயோலா ஔரியா’, பொன் வயலட், என்றார்.

1906ஆம் ஆண்டின் நிலநடுக்கமும் தீயும் கழகத்தின் சேகரத்தில் பெரும்பகுதியை அழித்தன. கழகத்தின் தாவரவியலாளர் ஆலிஸ் ஈஸ்ட்வுட் இடிந்த கட்டடத்தின் ஆறாம் மாடிக்கு ஏறி ஏறத்தாழ 1,500 மாதிரிகளை மீட்டார். மீளாதவற்றுக்கு எஞ்சியது அச்சான விவரணையே. பெயரிடச் சான்றாயிருந்த மூலமாதிரி இல்லாத சிற்றினப் பெயரை ஆராய்வது, பத்திரம் தொலைந்த நிலத்துக்கு எல்லைக்கல் தேடுவது போன்றது.

இடையில் 1871இல் செரினோ வாட்சன், 1921இல் எஸ்ரா பிரெய்னர்ட் ஆகிய தாவரவியலாளர்கள் இவ்வயலட்டுகளின் தகுதியை மாற்றி மாற்றி வைத்தனர். இருவரும் கையாண்டது ஒரே சான்றைத்தான்: உலர்ந்த தாளில் ஒட்டிய இலையும் பூவும்.

திருப்பம் வந்தது மைலோ பேக்கராலும் ஜென்ஸ் கிளாசனாலும். பேக்கர் சாண்டா ரோசா கல்லூரியின் ஆசிரியர். மேற்கு அமெரிக்க வயலட்டுகளுக்காகப் பல பத்தாண்டுகள் மலையேறியவர். கிளாசன் டென்மார்க்கில் பிறந்தவர். அங்கே காட்டுப் பான்சி வயலட்டுகளின் குரோமோசோம்களை எண்ணிப் பெயர்பெற்று, 1931இல் ஸ்டான்ஃபோர்டில் உள்ள கார்னெகி ஆய்வகத்துக்கு வந்தார். இருவரும் சேர்ந்து மொஹாவே பாலையின் விளிம்புச் செடியை ‘மொஹாவென்சிஸ்’ என்ற துணைச்சிற்றினமாக்கி ஔரியாவின்கீழ் வைத்தனர். பின்யோன் பைனும் ஜூனிபரும் ஜோஷுவா மரமும் நிற்கும் வறள்நிலத்துச் செடி அது.

கிளாசனின் பங்களிப்பை எண்ணிக்கையோடு மட்டும் நிறுத்திவிடுவது பிழை என்பேன். கெக், ஹைசி ஆகியோருடன் அவர் செய்து 1940இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே செடியைத் துண்டாக்கி ஸ்டான்ஃபோர்டில் கடல்மட்டத்தையொட்டியும், மேதரில் 1,400 மீட்டரிலும், டிம்பர்லைனில் 3,050 மீட்டரிலும் நட்டார்கள். உயரமும் பருவமும் மாறின. ஆனால் கடலோரச் செடி மலைச்செடியாக மாறவில்லை. இடம் தரும் மாற்றம் வேறு, இடத்துக்கேற்ப இனம் ஈட்டிய பரம்பரை வேறு என்று அங்கே கண்முன் தெரிந்தது. வயலட்டின் சாம்பல் இலைக்கும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கிளாசனின் விடை 1964இல் வந்தது: ஔரியாவும் மொஹாவென்சிஸும் பர்ப்பூரியாவின் துணைச்சிற்றினங்கள். வேற்றுமை பரம்பரையானது, ஆனால் சிற்றின எல்லையைத் தாண்டாதது. இவற்றின் குரோமோசோம் எண் 12. அடிப்படை எண் 6இன் இருமடங்கு மட்டுமே.

இந்த 6 என்ற எண்ணின் எடை பிறகுதான் புரிந்தது. மரபணு ஆய்வுகளின்படி வயோலா தென் அமெரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. வடக்குக்கு வந்தபின் அதன் இரு பழங்கிளைகள் கலந்து, குரோமோசோம் தொகுதிகள் பெருகி, பெரும்பாலான பிரிவுகள் பிறந்தன. கமேமெலானியமோ அக்கலப்புக்கு முந்தைய ஒரு கிளையின் நேர் வாரிசு. மார்கூசனும் உடனாய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட திருத்திய வகைப்பாடு 664 சிற்றினங்களை இரண்டு துணைப்பேரினங்களிலும் 31 பிரிவுகளிலும் அடக்குகிறது. 1824ஆம் ஆண்டின் பெயர் அதிலும் நிற்கிறது.

எண்ணிக்கையே தீர்ப்பு என்றும் சொல்வதற்கில்லை. பேக்கரும் கிளாசனும் தனிச் சிற்றினமாக்கிய ஓக் காட்டு வயலட் ‘குவெர்சிட்டோரம்’ 24 குரோமோசோம் கொண்டது. அப்படியும், கலிபோர்னியத் தாவரங்களுக்கான ஜெப்சன் கையேட்டின் 2012 பதிப்பு அதையும் பர்ப்பூரியாவின் துணைச்சிற்றினமாகவே கொள்கிறது. துணைச்சிற்றினங்களைப் பிரித்தறிய அந்தக் கையேடு முதலில் பார்க்கச் சொல்வது இலையின் வடிவையும் விளிம்பையும்தான். அதற்கும் வசந்தத்திலேயே போக வேண்டும். கோடை முற்றினால் இலை சருகாகிவிடும். அந்தப் பருவத்தில் அங்கே வயலட்டைத் தேடி வருவது ஸ்பெயேரியா வண்ணத்துப்பூச்சி. அதன் புழுக்களுக்கு வயலட் ஒன்றே இரை. செடி காய்ந்த இடத்தில் அது சருகின்மேல் முட்டையிட்டுப் போகும். பொரிந்த புழு எதையும் தின்னாமல் குளிர்காலத்தைக் கடந்து, முதல் இலை மண்ணை விட்டு எழும்வரை கிடக்கும்.