துருவை வரவழைக்கணும்... கரியைப் பூசணும்! வீட்டிலேயே பழங்காலத் துப்பாக்கி செய்யும் அமெரிக்கர்கள்

நீளமான ஓர் அட்டைப்பெட்டியைக் கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். பிரித்தால் உள்ளே செதுக்கிய மரக்கட்டை, எண்கோண வடிவில் ஓர் இரும்புக் குழல், கொஞ்சம் பித்தளைச் சாமான்கள், ஒரு பை நிறைய திருகுகள். எல்லாவற்றையும் பொறுமையாகச் சேர்த்தால், 250 வருஷத்துக்கு முந்தைய மாதிரியில் ஒரு துப்பாக்கி. அமெரிக்காவில் இது பலருக்கு வருஷக்கணக்கில் ஓடும் பொழுதுபோக்கு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் இந்தியாவில் இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், படிப்பதோடு சரி. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. 'பழைய மாடல்தானே சார்' என்ற பேச்சு எடுபடாது. பாகங்களை ஆன்லைனில் வரவழைக்கும் ஆசையும் வேண்டாம்.

சரி, 'மஸில் லோடர்' என்றால் என்ன? இதில் தோட்டா என்ற சமாசாரமே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணித்துண்டில் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, நீண்ட கோலால் அடிவரை கெட்டிக்க வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். அந்தப் பொறி உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். ஒரு முறை சுட்டால், மறுபடி முதலிலிருந்து எல்லா வேலையும்.

வீட்டு வாசலுக்கே இது எப்படி வருகிறது? 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 வரை தயாரானவற்றையும், கருமருந்தில் மட்டுமே இயங்கும் மஸில் லோடர் நகல்களையும் 'பழம்பொருள்' கணக்கில் வைத்தது. அதனால் மத்திய அரசின் பார்வையில் இது சாதாரணத் துப்பாக்கி இல்லை. ஆனால், மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். நியூ ஜெர்சி இதையும் துப்பாக்கியாகவே பார்க்கிறது. அதற்கான அடையாள அட்டை கேட்கும். எடிசன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க!

செத்துப் பிழைத்த கைவேலை

18-ம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் ஊர்க் குட்டைத் துப்பாக்கியை அமெரிக்கக் காட்டுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். குழல் நீண்டது, குண்டு சிறுத்தது, ஈயமும் மருந்தும் மிச்சமாயின. அதுதான் 'லாங் ரைஃபிள்'. பிறந்தது பென்சில்வேனியா, பேர் என்னவோ 'கென்டக்கி ரைஃபிள்'! தோட்டாத் துப்பாக்கிகள் வந்த பிறகு இந்தக் கலை கிட்டத்தட்ட அழிந்தே போனது. 1933-ல் உருவான தேசிய மஸில் லோடிங் ரைஃபிள் சங்கம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. இண்டியானாவில் ஃப்ரெண்ட்ஷிப் என்ற குட்டி ஊர்தான் அதன் தலைமையிடம். 1960-களின் கடைசியில், வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி அடித்துக் குழல் செய்வதிலிருந்து தொடங்கி, முழுத் துப்பாக்கியையும் பழைய முறையில் செய்து காட்டினார். அது படமாகவும் வெளியானது. அதைப் பார்த்துவிட்டு உளியைத் தூக்கியவர்கள் ஏராளம்.

எல்லோராலும் இரும்பு காய்ச்ச முடியுமா? அந்த இடத்தில்தான் 'கிட்' வருகிறது.

எந்தப் பெட்டியை வாங்குவது?

சில நூறு டாலருக்குக் கிடைப்பது ஆரம்ப ரகம். முக்கால்வாசி வேலை முடிந்தே வரும். நீங்கள் தேய்த்து, சாயம் பூசி, முடுக்கினால் போதும். ஆயிரம் டாலரைத் தாண்டும் ரகங்களில் கணினி இயந்திரமே மரத்தைத் துல்லியமாகக் குடைந்திருக்கும். பாகங்கள் கிட்டத்தட்ட தானாகவே உட்காரும். மூன்றாவது, அரைகுறையாகச் செதுக்கிய கட்டையும் தனித்தனிப் பாகங்களும். நூறு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். கையில் உளி பிடித்தே பழக்கமில்லாதவர் எடுத்த எடுப்பில் மூன்றாவதை வாங்கினால், பெட்டி பரணுக்குத்தான் போகும். முதல் முயற்சிக்கு இரண்டாவதே நல்லது என்பது நம் கட்சி. விலை அதிகம்தான், ஆனால் முடிப்பீர்கள்.

கரி சொல்லும் இடம்

இந்த வேலையின் உயிர், இரும்பை மரத்துக்குள் இடைவெளி இல்லாமல் உட்கார வைப்பதில் இருக்கிறது. இதற்கு அந்தக் காலத்துக் கொல்லர் வைத்திருந்த வழி ரொம்ப எளிது. இரும்புப் பாகத்தை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியவிடுவார்கள். அதை மரத்தின் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சுரண்டல். ஒரு லாக்கை உட்கார வைக்க இதை ஐம்பது தடவைகூடச் செய்ய வேண்டியிருக்கலாம். 'இன்னும் கொஞ்சம் எடுத்தா உட்கார்ந்துடும்' என்று அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் முடிந்தது கதை. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொரு நுணுக்கம். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்பு அப்படி இல்லை. அதனால் குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆணிகளுக்கான துளையை, குழலுக்கு அடியில் இருக்கும் காதுகளில் நீளவாக்கில் சற்று அகட்டிவிடுவார்கள். இதைச் செய்யாமல் விட்டால், ஒரு கோடை முடிவதற்குள் மெல்லிய முன்கட்டையில் விரிசல் விழலாம்.

கட்டைக்கு அங்கே விரும்புவது புலிவரி போல ரேகை ஓடும் மேப்பிள் மரம். இழைத்து முடித்ததும் பார்த்தால் வெளிறிப்போய், 'இதுக்கா இவ்வளவு காசு?' என்று தோன்றும். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலக் கரைசலைப் பூசி, காய்ந்ததும் சூடு காட்டினால், ஒரு நிமிஷத்தில் மரம் செம்பழுப்பாக மாறி வரிகள் எழுந்து நிற்கும். அமிலத்தைச் சோடா உப்புக் கரைசலால் முறித்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் பல நாள் தேய்க்க வேண்டும். திறந்தவெளி, கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கரைசலைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். வீரம் காட்ட வேண்டாம்.

குழலுக்கு நேர்மாறான வைத்தியம். நாமெல்லாம் துருவுக்குப் பயப்படுவோம். இவர்கள் துருவை வரவழைப்பார்கள்! எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் துடைத்து, கரைசல் தடவி, ஈரப்பதமான அறையில் தொங்கவிட்டால் மெல்லிய துரு படியும். முரட்டுத் துணியால் தேய்த்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். சில நாள்களில் காபிக்கொட்டை நிறம் வந்ததும், சோடா உப்புத் தண்ணீரால் நிறுத்தி எண்ணெய் பூசிவிடுவார்கள்.

தொடவே கூடாத இடம்

குழலின் பின்பக்கத்தை அடைக்கும் திருகு அடைப்பானில் மட்டும் கைவைக்காதீர்கள். வெடிப்பின் மொத்த அழுத்தமும் அங்கேதான் வந்து மோதும். சுடுபவரின் முகம் அதிலிருந்து சில அங்குல தூரத்தில் இருக்கும். அதைப் பொருத்திச் சோதித்த நிலையிலேயே வாங்க வேண்டும். மரவேலையில் தப்பு நடந்தால் துப்பாக்கி அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே தப்பு நடந்தால் கண் போகும், உயிரும் போகும். அதேபோல, நவீனப் புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழல் வெடித்துச் சிதறும். குண்டு அடிவரை போகாமல் நடுவழியில் நின்றிருந்தாலும் ஆபத்துதான். முதல் முறை சுடுவதற்கு முன், அனுபவமுள்ள துப்பாக்கிக் கொல்லரிடம் காட்டிவிடுவது நல்லது.

இவ்வளவு பாடுபட்டு என்ன செய்வார்கள்? சிலர் இலக்கு சுடும் போட்டிக்கு எடுத்துப்போவார்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைப் பருவம் ஒன்று, சிக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கு என்றே உண்டு. பலர் சுவரில் மாட்டிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள்.

சுட்டால் அன்றைக்கே கழுவ வேண்டும். கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலை அரித்துவிடும். சுடுதண்ணீரும் சோப்பும் போதும். அழுகிய முட்டை நாற்றம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாத்தா காலத்து மஸில் லோடர் ஒன்று வீட்டுப் பரணில் கிடைத்தால், அது காலியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து கெட்டித்தபடியே பல பத்தாண்டுகள் கிடந்தவையும் உண்டு. பழைய கருமருந்து இப்போதும் வெடிக்கும். வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிவைத்து, கோலை உள்ளே விட்டு, வாயருகே அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். கோல் பொறி நுழையும் துளை வரைக்கும் எட்டாமல் ஓரிரு அங்குலம் முன்பே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது. அதற்குமேல் நீங்களாக எதையும் நோண்ட வேண்டாம்.