உணர்திறன்

‘உணர்’ என்னும் வினையடியும் ‘திறன்’ என்னும் பெயரும் சேர்ந்த வினைத்தொகை. நிலம் நிலன் ஆவதுபோலத் திறம் திறன் ஆயிற்று. மகர னகரப் போலி. பழந்தமிழில் உணர்தல் அறிதல் மட்டுமல்ல, துயிலெழுதலும்கூட.

அறிவியலில் இதன் பொருள், ஒன்றை மாற்றினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்னும் அளவு. நிலத்தையும் தாவரத்தையும் கணினியில் உருவகிக்கும் மாதிரிகளில் மண்ணின் நீர்ப்பிடிப்பு, வேர் ஆழம், இலைப்பரப்பு என்று பல எண்களை ஊகித்தே இடுகிறோம். எந்த எண் விடையைப் புரட்டிப்போடுகிறது என்று தேடுவது உணர்திறன் பகுப்பாய்வு.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் பக்கம், முல்லைப் பெரியாற்று நீர் நிற்கும் நெல்வயலுக்கு வேர் ஆழத்தைக் கூட்டிக் குறைத்தாலும் நீராவிப்போக்குக் கணக்கு அதிகம் அசையாது. ஈரத்துக்குத்தான் குறைவில்லையே. வெயிலும் இலைப்பரப்புமே அங்கே தீர்மானிப்பவை. வடகிழக்கே ஆண்டிபட்டியின் மானாவாரிச் சோளக்காட்டில் அதே எண்ணைத் தொட்டால், மழை நின்ற சில நாட்களில் கணக்கே வேறாகிவிடும். மாதிரிக்கென்று நிலையான உணர்திறன் கிடையாது. இடத்தோடும் பருவத்தோடும் அது மாறும். எந்த எண் முக்கியம் என்று வெளியூரில் போட்ட பட்டியலை அப்படியே தேனிக்குக் கொண்டுவருவது சரியாகாது என்பேன்.

எண்களை ஒவ்வொன்றாக மாற்றினால் அவை கூட்டாகச் செய்யும் வேலை தெரியாமல் போகும். அதையும் பிரித்தளக்க ரஷ்யக் கணிதர் இல்யா சோபல் வகுத்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. எதை முதலில் களத்தில் இறங்கி அளப்பது என்பதற்கு விடை அதில் கிடைக்கும்: ஆண்டிபட்டியில் குழிவெட்டி வேரைப் பார்க்க வேண்டும், உத்தமபாளையத்தில் இலையை.