படகு மோட்டாரும் பேட்டரியும்: காவிரிக் கரையிலிருந்து ஒரு வரலாறு

மின்சாரத்தில் ஓடும் படகு, பெட்ரோலில் ஓடும் படகுக்கு மூத்தது. 1838-ல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் மோரிட்ஸ் யாக்கோபி தாம் செய்த மின் மோட்டாரைப் படகில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். மின்சாரத்தைக் கொடுத்தவை துத்தநாகத் தகடுகள் கொண்ட மின்கலங்கள். தகடு கரைந்தால் மாற்ற வேண்டும். திரும்ப சார்ஜ் ஏற்ற வழியில்லை. அந்த வழியைத் திறந்தது 1859-ல் பிரான்சில் காஸ்தோன் பிளான்தே செய்த ஈய-அமில பேட்டரி. இன்று வீட்டு இன்வெர்ட்டரின் கீழே இருப்பதும் அதன் வாரிசுதான். 1881-ல் குஸ்தாவ் த்ரூவே பாரிஸின் சேன் ஆற்றில் ஓட்டிய சிறு படகு இன்னும் முக்கியமானது. சுழலியும் மோட்டாரும் சுக்கானும் ஒன்றாகச் சேர்ந்த அந்தக் கருவியைப் படகின் பின்பக்கம் மாட்டலாம், கழற்றி எடுத்தும் போகலாம். இன்று 'அவுட்போர்டு' என்று அழைக்கப்படும் மோட்டார் பிறந்ததே மின்சாரத்தில்தான்.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்வழிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின் படகுகள் பயணிகளை ஏற்றிச் சென்றன. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெட்ரோல் அவற்றை ஓரங்கட்டியது. மோட்டாரில் குறையில்லை, தோற்கடித்தது பேட்டரியின் எடை. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி ஆற்றல் உண்டு. எஞ்சின் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சூடாக வீணடித்தாலும், மிஞ்சியதற்கு ஈடுகொடுக்க அறுபது எழுபது கிலோ ஈய பேட்டரி வேண்டும். தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு இந்தச் சுமை பொருட்டில்லை. மிதந்தே ஆகவேண்டிய படகுக்கு அதுவே தீர்ப்பாக அமைந்தது.

மின் மோட்டார் ஒரு சிறு வேலையில் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1934-ல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரோடு ஒரு தண்டையும் சுழலியையும் இணைத்தார். மீன் கலையாதபடி ஓசையின்றி, நடைவேகத்தில் படகை நகர்த்துவதே அதன் நோக்கம். தூண்டில் இழுத்துச் செல்லும் இந்த 'ட்ரோலிங் மோட்டார்' 'மின் கோட்டா' (Minn Kota) என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அதே 1934-ல், ஆகஸ்ட் 21 அன்று, மேட்டூர் அணை திறக்கப்பட்டது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் உள்ள இந்த அணை, 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கி 93.47 டி.எம்.சி. கொள்ளும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தை உருவாக்கியது. அதுவரை இப்பகுதியின் காவிரி பாறைகளுக்கிடையே பாயும் ஆறு. அதற்கேற்ற கலம் பரிசல். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முற்காலத்தில் தோலும் பிற்காலத்தில் தார் பூசிய சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய வட்டக் கலம் அது. அடிக்கட்டை இல்லாததால் ஆழமற்ற நீரில் பாறைமேல் வழுக்கிப் போகும். கரையேறியதும் ஒருவரே தலைமேல் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம். ஒகேனக்கல்லில் அது இன்றும் முதன்மைக் கலமாக இருப்பதற்குக் காரணம் பழைமைப் பற்று அல்ல, அந்த நீரின் இயல்பு.

அணைக்குப் பின்னே நீர் விரிந்து நின்றதும் கணக்கு மாறியது. பழைய ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது அந்த ஊர்களின் எச்சம். ஆற்றை அகலம் குறைந்த இடத்தில் கடந்தவர்களுக்கு இப்போது எதிர்க்கரை எட்டிப்போயிற்று. துடுப்பு போட்டு அவ்வளவு தூரம் போவது, அதுவும் காற்று எழும் நாளில், கடும் உழைப்பு. பரிசல்துறைகளில் விசைப்படகு நுழைந்தது இந்த இடைவெளியில்தான். அணைக்குக் கீழே 1980-களில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட கதவணைகள் ஆற்றையே தொடர் ஏரிகளாக்கின. அவற்றிலொன்றில், சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியையும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டையையும் விசைப்படகு இணைக்கிறது. அஸ்தம்பட்டி வழியாக மலையேறும் சாலையின் முடிவில் ஏற்காடு ஏரியிலும் சவாரிப் படகுகள் உண்டு. தேங்கிய நீர், குறுகிய தூரம், மிதமான வேகம்: மின் மோட்டார் கேட்கும் சூழல் இதுதான். மேட்டூர் நீர் சேலத்தின் குடிநீருமாதலால் எண்ணெய் கசியாத மோட்டாருக்கு இங்கே மதிப்பு கூடுதல்.

இருந்தும் ஈய பேட்டரி தடையாகவே நின்றது. தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கிய ஒவ்வொரு வீடும் அதன் குணத்தை அறியும்: தூக்க இரண்டு பேர் வேண்டும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், அடிக்கடி முழுதாக இறங்கவிட்டால் ஆயுள் குறையும். படகில் இன்னொரு குறையும் சேரும். மின்னோட்டத்தை வேகமாக உறிஞ்ச உறிஞ்ச ஈய பேட்டரியின் கொள்ளளவே சுருங்கும். இதை 1897-ல் ஜெர்மானியர் போய்க்கர்ட் சூத்திரமாக்கினார். 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும், பாதிக்குமேல் இறக்காமல் காக்க நினைப்பவருக்கு முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பது அரிது.

விடை லித்தியத்தில் இருந்தது. ஆனால் எந்த லித்தியம் என்பதுதான் கேள்வி. ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970-களில் தொடங்கியதை, 1980-ல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடு மூலம் வலுவாக்கினார். அகிரா யோஷினோ அதைப் பாதுகாப்பான வடிவுக்குக் கொண்டுவர, 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்கு விட்டது. மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர். கோபால்ட் வகை இலேசானது, ஆனால் அதிகம் சூடேறினால் ஆக்சிஜனை வெளிவிட்டுத் தீயை வளர்க்கும். நடு நீரில் தீப்பிடித்த படகிலிருந்து இறங்கி ஓட இடமில்லை.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம், மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1981-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபின் ஆய்வகத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டு அவருடனேயே டெக்சஸ் சென்றார். 1980-களின் இறுதியில் இருவரும் வெளியிட்ட ஆய்வுகள், சாதாரண ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்பேட் போன்ற தொகுதிகளை இரும்போடு சேர்த்தால் மின்னழுத்தம் உயர்வதைக் காட்டின. மலிவான இரும்பு பேட்டரிக்குப் பயன்படும் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. அதே ஆய்வகத்தில் பாதி, நஞ்சுண்டசாமி என்னும் ஆய்வாளர்களுடன் குட்இனஃப் 1997-ல் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் அந்தப் பாதையின் கனி. பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிடித்திருப்பதால் சூட்டிலும் அது எளிதில் விடுபடாது. வயது முதிர்ந்த குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். தமிழ்நாட்டில் இந்தச் செய்தி பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

சிறு படகு மோட்டாருக்கு இன்று பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது இந்த இரும்பு பாஸ்பேட் வகையே. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும். எடை பன்னிரண்டு கிலோ அளவில், ஈயத்தில் பாதிக்கும் குறைவு. 55 பவுண்டு தள்ளுவிசை கொண்ட மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். ஆகவே இரண்டு மணி நேரம், மெதுவாகப் போனால் அதைப் போலப் பல மடங்கு. விலை கூடுதல்தான். ஆனால் ஈய பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்கியதும் தளரும். இது ஆயிரக்கணக்கில் தாங்கும். தினமும் ஓடும் படகுக்கு இந்த விலை கட்டும். ஆண்டில் சில நாள் ஓடும் படகுக்கு ஈயமே போதும்.

வாங்கும்போது கொள்ளளவைவிட முதலில் பார்க்க வேண்டியது, பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து அனுமதிக்கிறது என்பதை. மோட்டாரின் உச்ச இழுப்பைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். 24 அல்லது 36 வோல்ட் மோட்டாருக்குப் பேட்டரிகளைத் தொடராக இணைக்க எல்லாத் தயாரிப்புகளும் இடம் தருவதில்லை. சார்ஜரும் லித்தியத்துக்கானதாகவே இருக்க வேண்டும். சேலத்துக் கோடையில் வெயில் படும் தகரப் பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றுவது கூடாது. 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றுவதைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தடுக்கிறார்கள். லித்தியத்தின் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்து திடீரென விழும் என்பதால் வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. எவ்வளவு மின்சாரம் வெளியேறியது என்று எண்ணும் மீட்டர் வேண்டும், துடுப்பும் வேண்டும்.

பெரிய படகில் இதைச் செய்து காட்டியது கேரளம். 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ஆதித்யா', 75 பேரை ஏற்றும் சூரிய மின் படகு. லித்தியம் பேட்டரியும் தலா 20 கிலோவாட் கொண்ட இரண்டு மோட்டார்களும் அதில் உள்ளன. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ, லித்தியம் டைட்டனேட் என்ற வேறு வகையைத் தேர்ந்தது. அது எடை கூடியது, விலை மிகுந்தது. ஆனால் பயணிகள் ஏறி இறங்கும் சில நிமிடங்களுக்குள் நிறைய சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பூலாம்பட்டி போன்ற சிறு துறைக்கு அந்த அவசரம் இல்லை. கடக்கும் தூரம் குறைவு, இரவு முழுவதும் படகு கரையில் நிற்கும். இரும்பு பாஸ்பேட்டே அங்கே பொருந்தும்.

ஓய்ந்த பேட்டரியின் கதை தனி. ஈய பேட்டரியைப் பழைய விலைக்கு எடுத்துக்கொள்ளக் கடைதோறும் ஆள் உண்டு, உருக்கி மீண்டும் ஈயமாக்குகிறார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் கோபால்ட் இல்லாததால் பிரித்தெடுப்பவருக்கு வருமானம் குறைவு, அதனால் ஆர்வமும் குறைவு. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்துகின்றன.