அடும்பும் பாலைநில முட்புதரும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மணற்கரைகளில் படர்ந்து கிடக்கும் அடும்பும், பாரசீகம், பலூசிஸ்தான் ஆகியவற்றின் வறள்நிலங்களில் முட்புதராக நிற்கும் கன்வால்வுலஸ் ஸ்பினோசஸும் ஒருகாலத்தில் ஒரே பேரினத்தில் அடக்கப்பட்டிருந்தன.

மலபார்க் கரையில் வழங்கிய அடும்பின் பெயர் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் 11ஆம் தொகுதியில் (1692) ‘அடம்போ’ எனப் பதிவாயிற்று. லின்னேயஸ் 1753இல் இதன் பிளவுண்ட இலையைக் கருதி, ஆட்டடி எனப் பொருள்படும் கன்வால்வுலஸ் பெஸ்-கேப்ரே என்று பெயரிட்டார். குறுந்தொகை அதே இலையை மானடிக்கு ஒப்பிட்டது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே! பாலைநிலச் செடிக்கு 1768இல் பெயரிட்டவர் பர்மன். அவரும் அதனைக் கன்வால்வுலஸிலேயே வைத்தார்.

1818இல் ராபர்ட் பிரௌன் அடும்பை இப்போமியாவுக்கு மாற்றினார். இப்போமியாவின் சூலகமுடி உருண்டையானது. கன்வால்வுலஸில் அது இரு நீண்ட கிளைகளாகப் பிரிந்திருக்கும். ஆயினும் உலர்ந்து நசுங்கிய உலர்தாவரத் தாளில் இவ்வேறுபாட்டைக் காண்பது எளிதன்று.

உறுதியான சான்று மகரந்தத்தில் இருந்தது. 1893இல் ஹான்ஸ் ஹாலியர் இக்குடும்பத்தையே முள்மகரந்தம் உடையன, இல்லாதன என இரண்டாகப் பகுத்தார். தண்டில் முள்ளே இல்லாத அடும்பு முதற்பிரிவில் சேர்ந்தது. உடலெல்லாம் முள்ளான பாலைப்புதர் இரண்டாவதில் நின்றது. புறத்தோற்றத்தை நம்பிய வகைப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுவதில்லை.

ஹாலியரின் இருபெரும் பகுப்பு முழுமையாக நிலைக்கவில்லை. எனினும் டி.என்.ஏ. சான்றுகளைக் கொண்டு 2003இல் ஸ்டெஃபனோவிச், ஆஸ்டின், ஆம்ஸ்டெட் ஆகியோர் அமைத்த வகைப்பாட்டிலும் முள்மகரந்தத் தாவரங்கள் இப்போமியே என்னும் தனிப்பிரிவாகவே நிற்கின்றன.